ஆறு கேள்விகளும் ஒரு சராசரியும்

கேள்வி: எனக்கு 21 வயது. இன்ஜினீயரிங் கடைசி வருடம். ஏழு மாதத்துக்கு முன் அப்பா இறந்துவிட்டார். அந்த செமஸ்டரில் இரண்டு அரியர். போன மாதம் கல்லூரியில் ‘மீண்டெழும் திறன்’ அளப்பதாகச் சொல்லி ஆறு கேள்விகள் உள்ள தாள் கொடுத்தார்கள். மார்க்கை நாங்களே கூட்டிக்கொண்டோம். நான் வரிசையாக 2, 2, 3, 3, 2, 2 போட்டிருந்தேன். சராசரி 2.33. மூன்றுக்குக் கீழே வந்தால் குறைவாம். ரூம்மேட்டுக்கு 4. அம்மாவும் தங்கையும் என்னைத்தான் நம்பியிருக்கிறார்கள். மாமா ஞாயிறுதோறும் போன் செய்கிறார், எடுக்கவே தோன்றுவதில்லை. நான் பலவீனமானவனா?
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: அன்புத் தம்பி,

முதலில் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அது 2008-ல் அமெரிக்க உளவியலாளர் புரூஸ் ஸ்மித் குழுவினர் வெளியிட்ட சிறிய அளவுகோலாகத்தான் இருக்க வேண்டும். அதில் 1, 3, 5 ஆகியவை நேர்க் கேள்விகள். ‘கஷ்டம் வந்தாலும் சீக்கிரம் தேறிவிடுவேன்’ என்கிற மாதிரி. 2, 4, 6 எதிர்க் கேள்விகள். ‘தேறி வர எனக்கு ரொம்ப நாளாகும்’ என்கிற மாதிரி. ஒவ்வொரு கேள்விக்கும் 1 (கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை) முதல் 5 (முழுக்க ஒத்துக்கொள்கிறேன்) வரை மார்க் போட வேண்டும். இந்த எதிர்க் கேள்விக்கு 2 போட்டால் ‘நான் அப்படி இல்லை’ என்று அர்த்தம். கூட்டும்போது அந்த 2-ஐ 4 என்று திருப்பிப் போட வேண்டும். 3 மட்டும் 3-ஆகவே இருக்கும். நீங்கள் திருப்பாமல் கூட்டிவிட்டீர்கள். திருப்பிக் கூட்டினால் 18 வருகிறது. சராசரி சரியாக 3. அந்தத் தாளின் கணக்குப்படி அது ‘இயல்பு’.

இதோடு பதிலை முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உண்மையிலேயே 2.33 வந்திருந்தாலும் உங்களைப் பலவீனமானவர் என்று நான் சொல்லியிருக்க மாட்டேன்.

இந்த மார்க் ஏறும், இறங்கும். இதே திறனை அளக்க கானர், டேவிட்சன் என்ற இருவர் 2003-ல் வெளியிட்ட 25 கேள்வி அளவுகோல் ஒன்று உண்டு. அதற்கு மொத்தம் 100 மார்க். அவர்களுடைய முதல் ஆய்வில் அமெரிக்கப் பொதுமக்களின் சராசரி 80-ஐ ஒட்டி இருந்தது. பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோயால் தவித்தவர்களுக்கு 48-ஐ ஒட்டி. சிகிச்சையில் தேறியவர்களுக்கு மார்க்கும் கூடியது. இதைப் போய் ரத்த வகை மாதிரி காலத்துக்கும் மாறாத ஒன்றாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பா போய் ஏழு மாதம்தான் ஆகிறது என்பதும் அந்தத் தாளுக்குத் தெரியாது. உங்கள் ரூம்மேட் எதைத் தாண்டி வந்து 4 போட்டார் என்பதும் தெரியாது. பெரிய அடி எதுவும் படாதவர், ‘நான் தாங்கிக்கொள்வேன்’ என்று ஊகித்துத்தானே எழுத முடியும்?

எனக்குப் பெரிய குறையாகப் படுவது இன்னொன்று. ஆறு கேள்வியும் ‘நான், நான்’ என்றே இருக்கின்றன. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த கிட்டத்தட்ட 700 குழந்தைகளை உளவியலாளர் எமி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சிக்கல்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பலமாக இருந்தவற்றில் முக்கியமானது, விடாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவர். பாட்டியோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ யாரோ ஒருவர். அதனால்தான் கனடாவின் மைக்கேல் உங்கர் போன்ற ஆய்வாளர்கள் பின்னால் உருவாக்கிய கேள்வித்தாள்கள் குடும்பத்தையும் ஊரையும் பற்றியும் கேட்கின்றன.

உங்கள் கடிதத்தில் மாமாவைப் பற்றிய வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வாராவாரம் எடுக்காத போனுக்கு மறுபடி மறுபடி கூப்பிடுகிற ஒருவர் உங்களுக்கு இருக்கிறார், தம்பி. வீட்டுப் பொறுப்பு, அரியர், அப்பா இல்லாத வெறுமை எல்லாவற்றையும் தனியாகச் சுமப்பதுதான் பலம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் போனாலோ, வாழ்ந்து என்ன என்ற நினைப்பு வந்தாலோ, உடனே 14416-க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மனஸ் உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

அரியரை அடுத்த தேர்வில் எழுதிக்கொள்ளலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை மாமா கூப்பிடும்போது எடுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் மாமா என்று கேளுங்கள்.