மழை நாளுக்கும் கணக்குப் போட்டார்களா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் 30 டிகிரி சரிவில் மனை வாங்கியிருக்கிறோம். பொறியாளர் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, சரிவின் பாதுகாப்புக் காரணி 1.5 என்கிறார். நம்பி வீடு கட்டலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: மண் தாங்கும் வலிமையை, அதைக் கீழே தள்ளும் விசையால் வகுத்தால் வருவதுதான் பாதுகாப்புக் காரணி. 1-க்குக் கீழே போனால் சரியும். நிரந்தரச் சரிவுக்கு 1.5 நல்ல எண்தான். ஆனால் நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் இருப்பதாக வைத்து இந்த எண் வந்தது? அதை முதலில் கேளுங்கள்.

உங்கள் சரிவில் பாறைக்கு மேல் 3 மீட்டர் மண் என்று வைத்துக்கொள்வோம். பிணைப்பு (மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வலிமை) 10 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் (துகள்களுக்கு இடையிலான உராய்வின் அளவு) 32 டிகிரி, எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன். தண்ணீர் இல்லாதபோது காரணி 1.51. அதே மண் மேற்பரப்பு வரை நனைந்து, எடை 20 ஆகி, நீர் சரிவோடு கசிந்து ஓடினால் 0.94. மண்துகள்களுக்கு இடையிலான நீரழுத்தம் உராய்வில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடுகிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது, நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் மண்சரிவில் இறந்தார்கள். அந்த மாதிரி மழையை மனதில் வைக்காத கணக்கு இந்த மலைக்குப் போதாது.

அடுத்தது அந்த 10 கிலோபாஸ்கல் எங்கிருந்து வந்தது என்பது. காய்ந்த மண்ணில் ஈர இழுவிசையால் ஒரு பொய்ப் பிணைப்பு இருக்கும்; நனைந்ததும் போய்விடும். அதனால் மாதிரியை முழுக்க நனைத்து, நீரழுத்தத்தையும் அளந்து செய்த ட்ரையாக்ஸியல் சோதனை (மண் மாதிரியைச் சுற்றிலும் மேலிருந்தும் அழுத்தி, எப்போது உடைகிறது என்று பார்க்கும் ஆய்வகச் சோதனை) முடிவைக் கேளுங்கள். புத்தகத்திலிருந்து எடுத்த எண் என்றால் ஏற்காதீர்கள்.

வீட்டுக்காக மண்ணை வெட்டிய பிறகு உள்ள வடிவத்துக்கும் தனியாகக் கணக்கு வேண்டும். அடிவாரத்தை வெட்டும்போது மேல்மண்ணைத் தாங்கி நிற்பதையே எடுத்துவிடுகிறோம். மனைக்கு மேலே விரிசல் இருந்தால், அதில் தண்ணீர் நிரம்பியதாகவும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃபைனைட் எலிமென்ட் முறையில் போட்டால் இன்னும் துல்லியமாக வருமா?
– அதே வாசகர்

பதில்: சரிவை வலைபோலச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவதுதான் ஃபைனைட் எலிமென்ட் முறை. சாதாரணச் சரிவில், வட்டமான சறுக்குப் பாதையை ஊகித்துக் கணக்கிடும் பிஷப் முறைக்கும் அதற்கும் விடை பெரும்பாலும் நெருக்கமாகவே வரும். சறுக்கும் பாதையை நாம் ஊகித்துக் கொடுக்கத் தேவையில்லை என்பது ஃபைனைட் எலிமென்ட் முறையின் பலம். மண்ணின் வலிமையைப் படிப்படியாகக் குறைத்து, எங்கே உடைகிறது என்று மென்பொருளே கண்டுபிடிக்கும். தாங்குசுவரோ மண் ஆணிகளோ (சரிவுக்குள் செருகும் இரும்புக் கம்பிகள்) வைக்கிறீர்கள் என்றால், எவ்வளவு நகரும் என்பதையும் காட்டும்; அப்போது செலவுக்குத் தகும். ஆனால் வலைக்கண்கள் பெரிதாக இருந்தால் காரணி கூடுதலாகக் காட்டிவிடும். நீர்மட்டம் தவறென்றால் இந்த முறையிலும் விடை தவறுதான்.

வடிகால் போட்டு, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று வைத்துக் கணக்கை மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். வெட்டுக்கு மேலே மழைநீரைத் திருப்பும் கால்வாய், சுவரில் கசிவுத் துளைகள் இரண்டும் கட்டாயம். செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழியை மட்டும் வெட்டுக்கு மேல்பக்கம் வைக்கவே வைக்காதீர்கள். வருஷம் முழுக்க அது சரிவுக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும்.