தங்கையை ஏன் அங்கே கூட்டி வந்தீர்கள்?

கேள்வி: சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். வேளச்சேரியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் ஐந்து மாதமாக இருக்கிறேன். இரண்டு பேர் அறை என்று சொல்லி 6,500 ரூபாய் வாங்கினார்கள், உள்ளே போனால் நான்கு கட்டில். தண்ணீர் ஒரே உப்பு, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மதியச் சாம்பாரைச் சுடவைத்து ராத்திரி தோசைக்கு ஊற்றுகிறார்கள். ராத்திரியில் வார்டன் கிடையாது. பாத்ரூம் தாழ்ப்பாள் உடைந்து மூன்று மாதமாகிறது, ஓனர் அக்காவிடம் கேட்டால் "ஆள் வருவான்" என்கிறார். இப்போது ஜிஎஸ்டி என்று மாதம் 780 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். பதினோரு மாதம் முடியாமல் காலி செய்தால் அட்வான்ஸ் 13,000 கிடையாதாம். இதற்கு நடுவில் போன மாதம் என் சித்தப்பா மகளுக்கும் தரமணியில் வேலை கிடைத்து என் அறையிலேயே சேர்ந்துவிட்டாள், ஆள் சேர்த்துவிட்டதற்காக எனக்கு வாடகையில் 1,000 ரூபாய் குறைத்தார்கள். பொறுத்துக்கொண்டு இருப்பதா, சண்டை போடுவதா?

- பெயர் வேண்டாம், வேளச்சேரி

பதில்: உப்புத் தண்ணீரும் பழைய சாம்பாரும் பற்றி எனக்கு வராத கடிதம் இல்லை. இரண்டு பேர் அறை என்று காட்டிவிட்டு நான்கு கட்டில் போடுவதும் பழைய கதைதான். அதற்கெல்லாம் ஆறுதல் சொல்ல நான் உட்காரவில்லை. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது தங்கை வந்து சேர்ந்த அந்த வரியை. தாழ்ப்பாள் உடைந்தது மூன்று மாதத்துக்கு முன்னால், தங்கை வந்தது போன மாதம். அப்படியென்றால் பூட்டாத பாத்ரூமும், வார்டன் இல்லாத ராத்திரியும் தெரிந்தே அவளைக் கூட்டி வந்து சேர்த்திருக்கிறீர்கள்.

ஆயிரம் ரூபாய்க்காகத்தான் செய்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. தெரியாத ஊர், பேச ஆளில்லை, நம் வீட்டுப் பெண் ஒருத்தி பக்கத்துக் கட்டிலில் இருந்தால் தேவலை என்று தோன்றியிருக்கும். சரி, புரிகிறது. ஆனால் ஊரில் அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டிருக்கும் என்று யோசித்தீர்களா? சித்தப்பாவுக்கு மெட்ராஸ் என்றாலே பயம் இருந்திருக்கும், சித்தி ராத்திரியெல்லாம் தூங்காமல் புரண்டிருப்பார். கடைசியில் யாரோ ஒருவர் "அதான் அக்கா இருக்காளே, அவ பாத்துப்பா" என்று சொல்லியிருப்பார்கள், அந்த ஒரு வார்த்தையில்தான் அந்தப் பெண் பஸ் ஏறியிருக்கிறாள். நம் குடும்பங்களில் ஹாஸ்டலுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, அங்கே நம்ம பிள்ளை யார் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். அவர்கள் நம்பியது அந்த ஹாஸ்டலை அல்ல, உங்களை. அவளுக்கு முன்னால் பிறந்துவிட்டீர்கள், அந்தப் பொறுப்பு உங்களோடுதான் வரும். உங்களுக்கு மட்டும் கஷ்டம் என்றால் பொறுப்பதும் சண்டை போடுவதும் உங்கள் இஷ்டம். அவளும் அங்கே இருக்கும்போது பொறுத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இல்லை.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். சொன்னால் "வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ரெண்டு பேரும் கிளம்பி வாங்க" என்பார்கள். இதைப் படிக்கிற அப்பா அம்மாக்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: தங்குகிற இடம் சரியில்லை என்று பெண் வாயைத் திறந்தால் வேலையைப் பறிக்கிற வீட்டில் எந்தப் பெண்ணும் உண்மை சொல்ல மாட்டாள். தாழ்ப்பாள் இல்லாத குளியலறைக்கு வெளியே ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, உள்ளே இன்னொருத்தி அவசர அவசரமாகக் குளித்துவிட்டு, "சாப்பாடு நல்லாருக்கும்மா" என்று போனில் சொல்லிக்கொண்டிருப்பாள். பிள்ளை கஷ்டத்தைச் சொன்னால் முதலில் பஸ் ஏறி வந்து பாருங்கள். அவள் சம்பாதிக்கட்டும், அதைப் பிடுங்காதீர்கள்.

அதனால் முதல் வேலை, இன்று ராத்திரி சித்திக்குப் போன் போடுங்கள். சாப்பாட்டில் ஆரம்பித்துச் சுற்றி வளைக்க வேண்டாம். தாழ்ப்பாள், வார்டன், அந்த 1,000 ரூபாய், மூன்றையும் சொல்லுங்கள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆயிரத்தைத் தங்கை கையில் கொடுத்துவிடுங்கள். அப்புறம், கையோடு ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி ஆள் வைத்துப் போடுங்கள். ஓனர் போடட்டும் என்று மூன்று மாதம் அத்தனை பெண்களும் காத்திருந்ததே எனக்குக் கோபமாக இருக்கிறது. பில்லை வைத்துக்கொண்டு வாடகையில் கழியுங்கள்.

இனி ஓனர் அக்கா விஷயம். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதி நடத்த 2014-ஆம் ஆண்டு சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். பெண்கள் விடுதியில் பெண் வார்டன் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் வருகிறது. உரிமத்தைக் காட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் இருக்கட்டும். பதில் வரவில்லையென்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஜிஎஸ்டி கதையையும் நம்பாதீர்கள். மாதம் 20,000 ரூபாய் வரை வாடகை, தொடர்ந்து 90 நாளாவது தங்குகிறார்கள் என்றால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது, 2024 ஜூலையிலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். 6,500 ரூபாய்க்கு ஐந்து மாதமாக இருக்கிற உங்களிடம் அந்த 780-ஐக் கேட்க எந்த வழியும் இல்லை.

அட்வான்ஸ் விஷயத்தில் பதினோரு மாதம் என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு பேர் அறை என்று சொன்ன விளம்பரம், பணம் அனுப்பிய ஜிபே ரசீது, நான்கு கட்டிலின் படம், உடைந்த தாழ்ப்பாளின் படம் எல்லாம் சேரட்டும். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் பேச்சை மீறியது நீங்கள் அல்ல. ஒரு மாத நோட்டீஸ் எழுத்தில் கொடுத்துவிட்டு, அட்வான்ஸைத் தர மறுத்தால் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகார் பதியுங்கள். யாராவது மிரட்டினாலோ, வேண்டாத ஆள் மாடிக்கு வந்து போனாலோ 181-ஐக் கூப்பிடுங்கள், அது பெண்களுக்கான எண், எந்த நேரமும் எடுப்பார்கள். அதற்கெல்லாம் நோட்டீஸ் மாதம் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 13,000 போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்த இடத்துக்கு அரசின் தோழி விடுதிகளைப் பாருங்கள். அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரியில் இருக்கின்றன, ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். தரமணி வேலைக்கு அடையாறு பக்கம். இடம் உடனே கிடைக்காமல் போகலாம், பெயரைக் கொடுத்து வைத்துவிட்டுத் தனியார் விடுதியும் தேடுங்கள். தேடும்போது இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் தேட வேண்டும். நீங்கள் மட்டும் முதலில் காலி செய்து, அவள் அட்வான்ஸ் கழியட்டும் என்று விட்டுவிட்டுப் போகிற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பணம் கட்டும் முன்னால் சித்தியை ஊரிலிருந்து வரச் சொல்லுங்கள். பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் தெரியும், ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட்டிப் போய்ப் பாத்ரூம் கதவைச் சாத்திப் பார்க்கச் சொல்லுங்கள், வார்டன் யார் என்று அவரே நேரில் கேட்கட்டும்.