வேலை போய்விட்டது, "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள், ஆனால் எனக்குத் தூக்கமே வரவில்லை. இது விசுவாசக் குறைவா?

இல்லை. பயம் வருவது விசுவாசம் இல்லாததற்கு அடையாளம் கிடையாது. வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். பஞ்ச காலத்தில் கேரீத் ஆற்றங்கரையில் காகங்கள் அவருக்கு உணவு கொண்டுவந்தன. அப்புறம் அந்த ஆறும் வற்றிப்போனது. அடுத்து தேவன் அனுப்பியதோ சாறிபாத் என்ற ஊரில் ஓர் ஏழை விதவையிடம். அவள் கையில் இருந்தது ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான். பானை நிரம்பி வழிந்ததாக அங்கே எழுதப்படவில்லை. மாவு தீர்ந்துபோகவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் கையை விட்டுத் துழாவும்போது அன்றைக்கு வேண்டியது இருந்தது.

இதையெல்லாம் கண்ட அதே எலியா, பிறகு வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும்" என்று சாவைக் கேட்டார். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவும் விட்டான். எனக்கு மனம் கலங்கும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்ப வாசிப்பது இந்தப் பகுதியைத்தான்.

சரி, நீங்கள் என்ன செய்வது? வேலை தேடுங்கள், கடன்காரரிடம் மறைக்காமல் பேசுங்கள், சபையில் ஒருவரிடமாவது நிலைமையைச் சொல்லுங்கள். உதவி கேட்பது நம்பிக்கைக்கு விரோதமல்ல. எலியாவும் அந்த விதவையிடம் அப்பம் கேட்டார். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் "இன்று" வேண்டிய ஆகாரத்தைத்தான் கேட்கிறோம். ஆகவே இன்றிரவு அடுத்த மாத வாடகைக்காக அல்ல, நாளைய ஒரு நாளுக்காக மட்டும் ஜெபித்துவிட்டுப் படுங்கள்.