பத்து ரூபாய் டாக்டர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் டாக்டர் போன மாதம் காலமானார். எண்பத்தெட்டு வயது. டெல்டாவில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1964ல் வந்து, கடைத்தெருவில் ஒரு ஓட்டு வீட்டு முன்கட்டில் போர்டு மாட்டியவர், கடைசிவரை அங்கேயேதான் பார்த்தார். ஃபீஸ் இரண்டு ரூபாயில் தொடங்கிப் பத்து ரூபாயோடு நின்றுவிட்டது. அதையும் கையில் வாங்க மாட்டார். மேஜை டிராயர் கொஞ்சம் திறந்தே இருக்கும், முடிந்தவர்கள் போடலாம்.

1971ல் என் பெரியப்பாவுக்கு டிபி. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்துப் பார்க்க வசதியில்லை. கம்பவுண்டர் தினமும் காலையில் சைக்கிளில் வந்து ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுவிட்டுப் போவார். பாட்டி பெரியப்பாவின் தட்டு, தம்ளர் எல்லாவற்றையும் தனியாக எடுத்து, மாட்டுக்கொட்டகைப் பக்கம் கட்டிலைப் போட்டுவிட்டாள். டாக்டர் ஒருநாள் வந்து பார்த்துச் சத்தம் போட்டார். கட்டிலைத் திண்ணைக்குக் கொண்டுவரச் சொல்லி, பெரியப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுத்தான் கிளம்பினார். பெரியப்பா அதற்கப்புறம் முப்பது வருஷம் இருந்தார்.

என் மகன் எம்.பி.பி.எஸ். கடைசி வருஷம் படிக்கிறான். “நல்ல மனுஷர்தாம்ப்பா. ஆனா வைத்தியம்னு பார்த்தா செவப்புத் தண்ணியும் பி-காம்ப்ளெக்ஸ் ஊசியும்தானே?” என்கிறான். எனக்குக் கோபம் வந்தது, பதில்தான் வரவில்லை. அடுத்த மாதம் படத்திறப்பு வைத்திருக்கிறோம். நீங்கள் வந்து பேசினால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகன்மேல் கோபப்பட வேண்டாம். சிவப்புத் தண்ணீர் விஷயத்தில் அவர் சொல்வது பெரும்பாலும் சரி. அந்தச் சிவப்புத் தண்ணீர், அதாவது கார்மினேட்டிவ் மிக்சர், வயிற்றுப் பொருமலுக்குக் கேட்கும், காய்ச்சலுக்கு ஒன்றும் செய்யாது. ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்றே ஒத்துக்கொள்ளாத ஊர்கள் நம்முடையவை. நாம் கேட்டோம், அவர்களும் போட்டார்கள். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து ஊருக்கே போட்ட காலம் அது. இன்று நினைத்தால் அடிவயிறு கலங்குகிறது. இதையெல்லாம் மூடிவைத்து அஞ்சலி செலுத்த வேண்டியதில்லை.

ஆனால் திண்ணைக்கு வந்த கட்டிலை உங்கள் மகன் கவனிக்கவில்லை. நீங்களும் அதை அவருடைய நல்ல மனசுக்கு உதாரணமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காப்பியில் மனசோடு படிப்பும் இருந்தது. 1956ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சைக்கென ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் என்று கவனித்தார்கள். மறு பகுதி சென்னையின் நெரிசலான குடித்தனங்களில், அரைகுறைச் சாப்பாட்டோடு வீட்டிலேயே இருந்தது. மருந்து இரு தரப்புக்கும் ஒன்றுதான், ஒரு வருஷத்துக்கு. முடிவு 1959ல் வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். அவர்களோடு ஒரே கூரையின்கீழ் இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. பரவுவதெல்லாம் பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே பரவிவிடுகிறது, மருந்து ஆரம்பித்ததும் சீக்கிரமே அடங்கிவிடுகிறது. காசநோய் மூச்சுக்காற்று வழியாக வருவது, தட்டு தம்ளருக்கு அதில் வேலையே இல்லை. காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பார்த்த சானடோரியங்கள் உலகம் முழுக்க மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

1959ல் உங்கள் டாக்டர் ஸ்டான்லியில் மாணவர். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தபோது தனக்கு ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரியும். பாட்டிக்கு அதை வாயால் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது, குடித்துக் காட்டினார். உங்கள் மகன் இதை சமூக மருத்துவப் பாடத்தில் படித்திருப்பார். தன் வீட்டுத் திண்ணையில் நடந்ததும் அதுதான் என்று யாராவது அவரிடம் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரு பழைய குறை உண்டு. இப்படிப்பட்டவர்களை நாம் எப்போதும் விலையைச் சொல்லியே புகழ்கிறோம். வடசென்னையில் ஜெயச்சந்திரன் 2018லும் வியாசர்பாடியில் திருவேங்கடம் 2020லும் இறந்தபோது எல்லா இடத்திலும் ‘ஐந்து ரூபாய் டாக்டர்’ என்ற தலைப்புதான். திருவேங்கடம் 1973ல் இரண்டு ரூபாயில் தொடங்கியவர். இருவருக்கும் கூடிய கூட்டம் சும்மா கூடவில்லை. ஆனால் ஐந்து ரூபாய் என்று சொல்லி முடித்ததும் நமக்கு வேறெதுவும் சொல்லத் தோன்றுவதில்லை. ஃபீஸ் வாங்காத மகான், அவ்வளவுதான். அவர் நோயை எப்படிக் கண்டுபிடித்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் மகனுக்கு அவர் வெறும் நல்ல மனுஷராகத் தெரிவதற்கு நம்முடைய இந்தப் புகழ்ச்சியும் காரணம் என்பேன்.

எங்கள் ஊரிலும் ஒருவர் இருந்தார். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறப்பார், டோக்கன் கிடையாது. நாம் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறுவதை உள்ளே இருந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார். பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும். என் மாமாவுக்கு ஒருநாள் சாயங்காலம் மார்புப் பக்கம் பிடித்தாற்போல் இருந்தது. வாயுதான் என்று அவரே முடிவு செய்துகொண்டு, ஒரு மிக்சர் வாங்கிவரலாமென்று என்னைத் துணைக்குக் கூட்டிப்போனார். பெஞ்சில் எங்களுக்கு முன்னால் மளிகைக்கடை அண்ணாச்சி. அவருக்கும் நெஞ்சுவலிதான். அவரை ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, “சின்னவ கல்யாணக் கடன் இன்னும் எவ்வளவு பாக்கி?” என்று கேட்டார் டாக்டர். அண்ணாச்சி தொகையைச் சொன்னார். பதினைந்து நிமிஷம் கடன் பேச்சுதான். அப்புறம் ராத்திரிக்கு ஒரு மாத்திரை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்தது மாமா. நாற்காலியில் உட்கார்வதற்குள்ளேயே, “உங்க அண்ணன் போனப்ப அவருக்கு நாப்பத்தாறு, இல்ல?” என்றார். மாமா தலையாட்டினார். ஒரு ஆஸ்பிரினை மென்று தின்னச் சொல்லிவிட்டு, கம்பவுண்டரிடம் “வண்டி பாருய்யா” என்றார். வாயுவுக்கு எதற்கு வண்டி என்று மாமாவுக்குக் கோபம்கூட வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தபோதுதான் தெரிந்தது, மாரடைப்பு. ஊரில் அவரைக் கைராசிக்காரர் என்பார்கள். மாமாவின் அண்ணன் செத்த வயதை ஞாபகம் வைத்திருந்ததற்கும் ராசிக்கும் என்ன சம்பந்தம்? அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை, ஃபைல் இல்லை. மூன்று தலைமுறைக் குடும்ப வரலாறு முழுக்கத் தலைக்குள் இருந்தது.

உங்கள் மகன் ஆதாரம் கேட்பார், கேட்கவும் வேண்டும். நார்வேயில் ஏறக்குறைய எல்லோருக்கும் பதிவு செய்த குடும்ப மருத்துவர் ஒருவர் உண்டு. அங்கே சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2022ல் வெளியானது. ஒரே டாக்டரிடம் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தவர்களை, டாக்டர் மாறி ஒரு வருஷமே ஆனவர்களோடு ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் இறப்பதற்கான வாய்ப்பும், அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வதற்கான வாய்ப்பும் கால்பங்கு அளவுக்குக் குறைவு. இது தொடர்பு மட்டும்தான், காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை என்பார். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு புது மாத்திரை இந்த அளவு வித்தியாசத்தைக் காட்டியிருந்தால் கம்பெனிகள் சும்மா இருந்திருக்குமா?

அவரிடம் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற பெயரையும் சொல்லிவையுங்கள். தெற்கு வேல்ஸில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்க கிராமத்துக்கு 1961ல் போய், கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே டாக்டராக இருந்தவர். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார், இன்றும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது அவர் செய்த இன்னொரு வேலை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று வீட்டில் இருந்தவர்களையும் கூப்பிட்டு, கிராமத்தில் இருந்த பெரியவர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். ஒரு டாக்டர் தன் கிராமம் முழுக்க அப்படிப் பார்ப்பது அன்றைக்கு அபூர்வம். இருபத்தைந்து வருஷம் விடாமல் தொடர்ந்து பார்த்ததில், 65 வயதுக்குள் சாகிறவர்கள் பக்கத்துக் கிராமத்தைவிடக் கால்பங்குக்கும் மேல் குறைந்திருந்தார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை. பிபி கருவி, நோட்டு, ஊரை விட்டுப் போகாத ஒரு டாக்டர்.

இப்படி ஒருவர் இனி வருவாரா என்பதுதான் உங்கள் கடிதத்துக்குள் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். பத்து ரூபாய்க்கு வர மாட்டார், வரவும் வேண்டாம். மகனைக் கடன்பட்டுப் படிக்கவைத்துவிட்டு டிராயரைத் திறந்து வைக்கச் சொல்வது அநியாயம். நியாயமான ஃபீஸைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு ஸ்பெஷலிஸ்டிடம் ஓடாமல் ஒருவரிடமே பத்து வருஷம் போகலாமே. அந்தப் பொறுமை நமக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கே சர்க்கரைக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர். இருவருக்கும் என் அப்பா எதனால் இறந்தார் என்று தெரியாது.

படத்திறப்புக்கு வருகிறேன், தேதியைச் சொல்லுங்கள். பேசுவதைப் பற்றி ஒரு யோசனை. கம்பவுண்டர் இருக்கிறாரா? இருந்தால் அவர்தான் முதலில் பேச வேண்டும். யார் வீட்டுக்கு எதற்காகத் தினமும் சைக்கிளில் போனார் என்பது அவருக்குத்தான் தெரியும். பேர் சொல்ல வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், சிலருக்கு இன்னமும் சங்கடமாக இருக்கும். உங்கள் மகனை முன்வரிசையில் உட்காரவைத்து, சந்தேகம் எதுவானாலும் கம்பவுண்டரிடமே கேட்கச் சொல்லுங்கள். அப்புறம், ஃப்ளெக்ஸில் ‘பத்து ரூபாய் டாக்டர்’ என்று போடாதீர்கள். பெயரும், அவர் படித்த பட்டமும், ஊருக்கு வந்த வருஷமும் போதும்.