கரப்பானைக் கூப்பிடும் வாசனை: வாசகர் கேள்விகள்

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி கரப்பான் பற்றியே இருக்கும். சாக்கடையில் தண்ணீர் ஏறியதும் அவை வீட்டுக்குள் ஏறிவிடும். இந்த முறை கேட்டவர்களில் பலர், அட்டையில் ‘பெரமோன் கலந்தது’ என்று போட்டு விற்கும் ஜெல்லையும் பொறி டப்பாவையும் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி: வீட்டில் பத்து மாதக் குழந்தை தவழ்கிறது. கடைக்காரர் ‘இது பெரமோன், விஷமே கிடையாது’ என்கிறார். மாமியாரோ ‘ஹார்மோன் மாதிரி ஏதோ, குழந்தைக்கு ஆகாது’ என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் பாதி சரி. உங்கள் பக்கத்துத் தென்னந்தோப்பில் சிவப்புக் கூன்வண்டுக்கு இனக்கவர்ச்சிப் பொறி கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான் இது. ஒரு பூச்சி தன் இனத்துக்கு மட்டும் புரியும்படி வெளியிடும் வாசனைதான் பெரமோன். நம் உடம்புக்குள் சுரக்கும் ஹார்மோன் வேறு, இது வேறு. பெயர் ஒத்துப்போவதால் வரும் பயம் அது. மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

அளவும் மிக மிகக் குறைவு. பெரிய கரப்பானின் பெண் விடும் பெரிபிளனோன் என்ற பெரமோனை 1970களில் பிரித்தெடுத்தபோது, சுமார் 75,000 பெண் கரப்பான்களிலிருந்து கிடைத்தது 200 மைக்ரோகிராம்தான். ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு! சமையலறையில் திரியும் சின்னக் கரப்பானின் பெரமோன் 2005இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. சூடு பட்டால் சிதைந்துவிடும் பொருள் என்பதால் அது ஆராய்ச்சியாளர்கள் கைக்கு எளிதில் சிக்கவில்லை.

ஆனால் கடைக்காரர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பெரமோன் கரப்பானைக் கூப்பிடும், கொல்லாது. கொல்வதற்கு இரண்டே வழி. ஒட்டுப்பசை அட்டையாக இருக்க வேண்டும், அல்லது உள்ளே பூச்சிக்கொல்லி இருக்க வேண்டும். பசை அட்டை என்றால் குழந்தையின் விரலில் ஒட்டிக்கொள்ளும் என்பதைத் தவிர பெரிய பயமில்லை. ஜெல் என்றால் அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் பெயரைப் படியுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஃபிப்ரோனில் 0.05 சதவீதம் அல்லது இமிடாகுளோப்ரிட் 2.15 சதவீதம் என்று இருக்கும்.

ஃபிப்ரோனில் ஜெல்லையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் ஜெல்லில் அரை மில்லிகிராம் மருந்து. மூலையில் வைக்கும் ஒரு பொட்டு 0.1 கிராம் என்றால் அதில் 0.05 மில்லிகிராம். சோதனையில் பாதி எலிகளைக் கொன்ற அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 97 மில்லிகிராம். ஒன்பது கிலோ குழந்தை 10 கிராம் குழாய் முழுவதையும் தின்றால்கூட கிலோவுக்கு அரை மில்லிகிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இது ‘தின்னலாம்’ என்பதற்கான கணக்கு இல்லை. சாகடிக்கும் அளவு வேறு, பாதுகாப்பான அளவு வேறு. ஒரு பொட்டு பட்டுவிட்டது என்று இரவெல்லாம் அழாமல் இருப்பதற்காகத்தான் சொல்கிறேன். இமிடாகுளோப்ரிட்டின் சதவீதம் பெரிதாக இருப்பதைப் பார்த்தும் மிரள வேண்டாம். பாலூட்டிகளுக்கு அதன் நஞ்சு ஃபிப்ரோனிலைவிடக் குறைவு.

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தரையோரம் பொட்டு வைக்காதீர்கள். அலமாரிக் கதவின் கீல் பக்கம், ஃபிரிட்ஜின் பின்புறம், கேஸ் மேடையின் அடிப்பக்கம் போதும். சின்னக் கரப்பான் இருப்பதும் அங்கேதான்.

சித்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: எண்டோசல்பான் பூச்சிமருந்தையும் அரசு அனுமதித்துத்தானே விற்றார்கள்? ‘பரிசோதித்துப் பதிவு செய்தது’ என்பதை எப்படி நம்புவது?

ஐயா, கேரளத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்தால்தான் தவறு. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் வருடக்கணக்காக ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தார்கள். கீழே வீடும் கிணறும் பள்ளிக்கூடமும் இருந்தன. 2011இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் நாடு முழுவதும் நின்றது. பதிவு எண் இருந்தது அங்கே பாதிக்கப்பட்ட பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை.

அதனால் பதிவு எண்ணை முடிவாக எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். இந்தியாவில் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படிதான் வீட்டு மருந்தும் பதிவாகிறது. எந்தப் பூச்சிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு என்று குறிப்பிட்டே அனுமதி தருகிறார்கள். பதிவுக்காக ஆய்வு செய்பவர்கள் பார்ப்பது அந்தப் பயன்பாட்டை மட்டும்தான். வாயில் போனால், தோலில் பட்டால், மூச்சில் போனால், கண்ணில் பட்டால் என்ன ஆகும், ஒவ்வாமை வருமா என்று தனித்தனியாகச் சோதிக்கிறார்கள். அமெரிக்காவில் பெரமோன்களை உயிர்வேதிப் பூச்சிக்கொல்லி என்று தனி வகையில் வைத்து, கேட்கும் சோதனைகளைக் குறைத்திருக்கிறார்கள். கொல்லும் தன்மை இல்லை, இயற்கையில் ஏற்கெனவே இருக்கிறது, பயன்படுத்தும் அளவு சொற்பம் என்பவை அதற்குக் காரணம். இந்தக் காரணங்கள் எனக்கு நியாயமாகவே படுகின்றன. ஆனால் அந்தச் சலுகை பெரமோனுக்கு மட்டுமே உரியது. கூடவே கலந்திருக்கும் ஃபிப்ரோனிலுக்கு அதில் பங்கு கிடையாது. ‘பெரமோன்’ என்ற சொல்லை முன்பக்கம் பெரிதாகப் போட்டுக் கொல்லும் மருந்தின் பெயரைப் பின்னால் ஒளித்து வைப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நீங்கள் கடையில் பார்க்க வேண்டியது பதிவு எண், கொல்லும் மருந்தின் பெயர், அப்புறம் லேபிளில் இருக்கும் முக்கோணத்தின் நிறம். சிவப்புதான் மிகக் கொடியது. மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சு குறைந்துகொண்டே வரும். துண்டுச்சீட்டு மலையாளத்தில் மட்டும் இருந்தால், படிக்கத் தெரிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

என்னை உண்மையில் பயமுறுத்துவது வேறு. எங்கள் உறவுக்காரர் வீட்டில் நெல்லுக்கு அடிக்கும் மருந்தைச் சோடா பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து அடுக்களையில் கரப்பானுக்குத் தெளித்தார்கள். கடையிலேயே அப்படி ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். லேபிள் இல்லை, முக்கோணம் இல்லை, மருந்தின் பெயர் யாருக்கும் தெரியாது. அங்கே தெளித்த இரவு அவர்கள் பாட்டிக்கு வாந்தியும் மயக்கமும் வந்துவிட்டது. டாக்டர் ‘என்ன மருந்து?’ என்று கேட்டபோது பதில் சொல்ல ஒருவரும் இல்லை. பிழைத்துவிட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

குமுளியிலிருந்து, தங்கும் விடுதி நடத்துபவர்: பெரமோன் வைத்தால் அக்கம்பக்கத்துக் கரப்பான் எல்லாம் என் விடுதிக்கு வந்துவிடாதா சார்?

வராது. பொறியிலிருந்து வரும் வாசனை சுவர் தாண்டி அடுத்த கட்டடத்தைக் காலி செய்யும் அளவுக்குப் போகாது. உங்கள் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பெண்ணின் பெரமோன் ஆண் கரப்பானை மட்டுமே இழுக்கும். பெண்ணும் குஞ்சுகளும் அப்படியே இருக்கும். சின்னக் கரப்பானில் பெண் பெரும்பாலும் ஒருமுறை இணை சேர்ந்தாலே போதும், அதற்குப் பிறகு வரிசையாக முட்டைப் பை போடும். ஒரு பையில் 30, 40 முட்டை. பெரிய கரப்பானோ ஆணே இல்லாமலும் குஞ்சு பொரிக்கும். அதனால் பெரமோன் பொறியை மட்டும் நம்பி விடுதியைச் சுத்தம் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எந்த அறையில் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க அது அருமையான சாதனம். ஒழிக்க ஜெல் வேண்டும். மூன்று நாலு வாரம் கழித்து இன்னொரு முறையும் வைக்க வேண்டும். ஜெல் முட்டைப் பைக்குள் போகாது என்பதால், பொரித்து வரும் குஞ்சுகளுக்காக அந்த இரண்டாவது சுற்று.

வடகரைப்பதியிலிருந்து: ஜெல் தின்று மயங்கிக் கிடக்கும் கரப்பானைக் கோழி கொத்தினால்?

ஒன்றிரண்டு கொத்தியதால் கோழி சாகும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஃபிப்ரோனில் உடம்புக் கொழுப்பில் தங்கும், முட்டையிலும் வரும். 2017இல் ஐரோப்பாவில் கோழிப் பண்ணைகளில் இதைத் தவறாகப் பயன்படுத்தியதால் லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். கோழிக்கூட்டிலும் தீவனம் வைக்கும் இடத்திலும் இந்த ஜெல் கூடவே கூடாது. வீட்டுக்குள் வைத்தால் காலையில் செத்துக் கிடப்பதைக் கோழியைத் திறந்துவிடும் முன்பே பெருக்கி எடுங்கள். மீன் தொட்டியும் குளமும் பக்கத்தில் இருந்தால் ஜெல் வைத்த கையை அங்கே கழுவாதீர்கள். மீனுக்கு இது கொடிய நஞ்சு.

மீனாட்சிபுரம் டீக்கடைக்காரர்: விலை அதிகம் கொடுத்து வாங்கிய ஜெல்லைக் கரப்பான் தொடவே இல்லை. ஏமாற்றா?

முதலில் ஒன்று சொல்லுங்கள்: அதே வாரம் ஸ்பிரேயும் அடித்தீர்களா? பெரும்பாலும் இதுதான் காரணம். ஸ்பிரேயின் வாடை பட்ட இடத்துக்குக் கரப்பான் வராது, அங்கே இருக்கும் ஜெல்லையும் தொடாது. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும். சிந்திய சர்க்கரையும் பாலும் கிடக்கும்போதும் ஜெல்லைத் தேடி அது ஏன் வரப்போகிறது? கடை மூடியதும் துடைத்துவிட்டு வையுங்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. குளுக்கோஸ் கலந்த பொறி உணவையே வெறுக்கும் சின்னக் கரப்பான் கூட்டங்கள் இருப்பதை 1993இல் அமெரிக்காவில் கண்டார்கள். இனிப்பு அவற்றின் நாக்குக்குக் கசப்பாகத் தெரிகிறது. அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் போகிறது. துடைத்தும் ஸ்பிரே நிறுத்தியும் தொடவில்லை என்றால் வேறு மருந்து உள்ள, வேறு வகை ஜெல்லுக்கு மாறுங்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து: கேரம் போர்டு பவுடரில் மைதாவும் சர்க்கரையும் பிசைந்து உருட்டி வைக்கிறோம். இது இயற்கைதானே?

கேரம் போர்டு பவுடர் என்று விற்பது பெரும்பாலும் போரிக் அமிலம். வேலை செய்யும், மெதுவாக. ஆனால் குழந்தை கண்ணுக்கு அது மிட்டாய் உருண்டை. ஜெல் பொட்டைவிட ஒரு உருண்டையில் இருக்கும் மருந்து பல மடங்கு அதிகம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

பலர் கேட்டது: குழந்தை வாயில் வைத்துவிட்டால் உடனே என்ன செய்வது?

வாயை ஈரத்துணியால் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் எதுவும் வேண்டாம். டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். வலிப்பு, மயக்கம், மூச்சுத்திணறல் என்று எது தெரிந்தாலும் தாமதிக்காமல் 108. கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆம்புலன்ஸுக்கு அதே எண்தான். போகும்போது ஜெல் குழாயையும் அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.