டாம்கேட் மக்கர் பண்ணுகிறதா? செட்டிநாட்டு நண்பர்களுக்குக் கேள்வி பதில்

தேவகோட்டையிலிருந்து: அண்ணே, கண்டாங்கிச் சேலைக் கடைக்கு பில்லிங் சைட் போட்டுக் கொடுத்தேன். ஜாவா சைட்டை ஓட்டும் சர்வர் டாம்கேட் 9, டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து வைத்துக் கேட்கும்போது கொடுக்க அதோடு வரும் ஜேடிபிசி பூல், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். பகலெல்லாம் ஓடுகிறது. காலையில் கடை திறந்ததும் முதல் பில்லிலேயே ‘கம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெயிலியர்’. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது.

தம்பி, சும்மா கிடக்கும் இணைப்பை மைஎஸ்க்யூஎல் 28,800 விநாடியில், அதாவது 8 மணி நேரத்தில், தானே அறுத்துவிடும். ராத்திரி 9 மணிக்குக் கடை சாத்திக் காலை 9 மணிக்குத் திறந்தால் கணக்கு உனக்கே புரியும். பூலுக்கு அந்தச் சேதி போவதில்லை. செத்த இணைப்பையே எடுத்து நீட்டுகிறது. கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல் என்ற செட்டிங் ஃபைலில், ரிசோர்ஸ் வரியில், டெஸ்ட்ஆன்பாரோவை ட்ரூ ஆக்கு; இணைப்பைக் கொடுக்கும் முன் பூல் அதைச் சோதிக்கும். சோதிக்கக் கேட்கும் கேள்வியாக, வேலிடேஷன்குவரியில் ‘செலக்ட் 1’ போடு. பில்லிங் மெதுவாகுமோ என்ற பயம் வேண்டாம். ஒருமுறை சோதித்த இணைப்பை அடுத்த 3 விநாடிக்கு அது மறுபடி சோதிக்காது. டேட்டாபேஸ் யூஆர்எல்லில், அறுந்த இணைப்பைத் தானே மறுபடி போடும் ஆட்டோரீகனெக்ட் சேர்க்கச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதே. பாதி பில்லில் இணைப்பு மாறினால் டேட்டா குழம்பும். மைஎஸ்க்யூஎல் கையேடே அதை வேண்டாம் என்கிறது.

காரைக்குடி கல்லூரி மாணவர்: சீனியர் கொடுத்த ப்ராஜெக்ட் டாம்கேட் 9-ல் ஓடியது. 10-ல் போட்டால் ‘பக்கம் இல்லை’ என்ற 404 வருகிறது.

10-லிருந்து ‘ஜாவாஎக்ஸ் சர்வ்லெட்’ என்று தொடங்கும் ஜாவா பேக்கேஜ் பெயரெல்லாம் ‘ஜகார்த்தா சர்வ்லெட்’ ஆகிவிட்டது. இம்போர்ட் வரிகளை மாற்று. அவசரமென்றால் டாம்கேட்டின் ‘வெப்ஆப்ஸ்’ ஃபோல்டர் பக்கத்திலேயே ‘வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி ப்ராஜெக்ட் முழுவதையும் கட்டிய வார் ஃபைலை அதில் போடு, டாம்கேட்டே மாற்றிக்கொள்ளும். வைவாவில் ஏன் என்று கேட்டால் பதில் வைத்துக்கொள்.

கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக நடத்தும் ஆச்சி: விருந்தாளிகள் தமிழில் எழுதும் கருத்து கேள்விக்குறியாக வருகிறதே தம்பி? சர்வர் டாம்கேட் 9-தான்.

ஆச்சி, கேள்விக்குறியா, அல்லது கொம்பும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்தா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கேள்விக்குறி என்றால் பெரும்பாலும் கருத்தைச் சேமிக்கும் டேட்டாபேஸ் டேபிள், தமிழே இல்லாத லேட்டின்1 எழுத்துமுறையில் இருக்கும். அதை எல்லா மொழி எழுத்தும் கொள்ளும் யூடிஎஃப்8எம்பி4 ஆக்க வேண்டும். தமிழுக்கு எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் போதும், ஆனால் விருந்தாளி ஒரு ஸ்மைலி போட்டால் 4 வேண்டும். ஐரோப்பிய எழுத்து என்றால் ஃபார்மைப் படிக்கும் இடத்தில் கோளாறு. சைட்டின் வெப் எக்ஸ்எம்எல் ஃபைலில், ஃபார்மை எந்த எழுத்துமுறையில் படிப்பது என்று சொல்லும் செட்கேரக்டர்என்கோடிங் ஃபில்டரை மற்ற ஃபில்டர்களுக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள். கேள்விக்குறியாகிப் போன பழைய கருத்துகள் மட்டும் திரும்பாது.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்காரர்: டாம்கேட்டில் சைட் தொடங்கும்போதே ‘லிஸனர்ஸ் ஃபெயில்ட் டு ஸ்டார்ட்’ என்று மட்டும் வருகிறது, காரணமே இல்லை.

காரணம் இருக்கிறது, நீங்கள் பார்த்த ஃபைலில் இல்லை. லாக்ஸ் ஃபோல்டரில், தேதியோடு ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று தொடங்கும் ஃபைலைத் திறந்து, கீழிருந்து மேலாக ‘காஸ்ட் பை’ (இதனால் வந்தது) என்ற வரியைத் தேடுங்கள். அங்கே இருப்பதை அப்படியே அனுப்பினால் அப்புறம் பேசலாம்.