தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரே நாளில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய் வர முடியுமா? என்னென்ன பார்க்கலாம்?

தாராளமாக முடியும். என்3 நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் சொச்சம்தான். காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள்.

முதலில் ரயில் நிலையம். 1893 ஜூன் 7 இரவு, முதல் வகுப்புச் சீட்டு கையில் இருந்தும் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது இங்கேதான். நடைமேடையில் அதைச் சொல்லும் கல்வெட்டுப் பலகை ஒன்று உண்டு. ஊர் நடுவே அவருடைய சிலையும் இருக்கிறது. பக்கத்திலேயே செங்கல்லால் கட்டிய நகர மண்டபம்; கடிகாரக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் போகாதீர்கள்.

நம்மவர்கள் என்றால் சிவ சுப்பிரமணியர், மாரியம்மன் கோவிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புனித வெள்ளியன்று தீமிதி நடக்கும். அன்று காரை நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும், சொல்லிவிட்டேன்.

பூங்கா நகரம் என்று இந்த ஊருக்கு இருக்கும் பேருக்கு ஏற்ற இடம், 1870களில் தொடங்கிய தாவரவியல் பூங்கா. 1908இல் நட்ட பிளேன் மரங்கள் இருபுறமும் வளர்ந்து மேலே கிளை கோத்து நிற்கின்றன. உச்சி வெயிலிலும் உள்ளே நிழல்தான். சாப்பாட்டுக் கூடையைப் பிரிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

அப்புறம் பக்கத்து ஊரான ஹோவிக் பக்கம் போங்கள். 95 மீட்டர் உயர அருவியை மேலிருந்தே பார்க்கலாம். அருகில்தான் 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலா பிடிபட்ட இடம். அங்கே 50 எஃகுத் தூண்கள் நிற்கின்றன. கிட்டப் போனால் வெறும் கம்பிகள். நடைபாதையில் குறிப்பிட்ட இடத்தில் நின்றால் மட்டும் அவர் முகம் தெரியும். டிராக்கன்ஸ்பர்க் மலையை இதே நாளில் திணிக்க வேண்டாம், அதற்குத் தனியாக வாருங்கள்.